ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்?

இல்லண்ணா, மழைத் தண்ணி உள்ள வர வழியே இல்ல. எங்களுக்கு மேல இன்னொரு மாடி இருக்கு, ஒழுகினா அவங்க வீட்டுலதான் மொதல்ல ஒழுகணும். நேத்து சாயங்காலம் வரைக்கும் டிவி நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. திடீர்னு டப்புனு ஒரு சத்தம், அவ்வளவுதான், படமும் போச்சு, பேச்சும் போச்சு. கரண்ட் ஏறி இறங்குதுல்ல, அதுவா இருக்கும்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா மூடியக் கழட்டினதும் ஈரம்னு சொல்றீங்க. எங்க, காட்டுங்க. ம்ம். துடைக்கும்போது பட்டிருக்கும். நான் ஈரத்துணி வச்சுத்தான் துடைப்பேன்.

கொஞ்சம் மெதுவாத் தட்டுறீங்களா, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள அவரு தூங்குறாரு. எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட், ஐஸ் கிடங்குல. காலைல வந்து படுத்தார்னா பொழுது சாயுற வரைக்கும் கட்டைதான். இடி விழுந்தாக்கூட எந்திரிக்க மாட்டாரு, ஆனா ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்தாப் போதும், யாரு அதுனு கேட்டுட்டு வந்துருவாரு. உங்களுக்கு போன் பண்ணினதும் அவருதான். பண்ணிட்டுப் படுத்துட்டாரு.

குரலா? ஆமா, கட்டியிருக்கு. ரெண்டு மாசமா இப்படித்தான், சரியாகுற மாதிரி இருக்கும், மறுபடி கட்டிக்கும். பேசவே கூடாதுனு தொண்ட டாக்டர் சொல்லியிருக்காரு. பாருங்க, நீங்க வந்ததுலேர்ந்து நான்தான் பேசிட்டு இருக்கேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுமா? எதுக்குக் கேக்குறீங்க? ஓ, சூடு. ஒரு மணி நேரம் ஓடும். மிஞ்சிப்போனா ஒண்ணரை. கொழந்த பாக்குறதுதான், எங்களுக்கு ஏது நேரம்.

அதோ, அவதான். கதவுக்குப் பின்னாடி, கால் மட்டும் தெரியுது பாருங்க. ஒளிஞ்சிருக்கறதா நெனப்பு. அஞ்சு வயசாகுது. வீட்டுல வாண்டுனுதான் கூப்பிடுவோம். வெக்கப்படுற ஆளெல்லாம் இல்ல, ஊரையே வாயால வித்துருவா. நீங்க பைய எடுத்துட்டு உள்ள வந்தீங்கல்ல, அப்பவே போய் அங்க நின்னுக்கிட்டா. டாக்டர் வந்துட்டாரானு எங்கிட்ட கேட்டா. உங்களத்தான். சிரிங்க, வேற ஒரு நாளா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

அந்த இடம் ஏன் அப்படிக் கருகின மாதிரி இருக்கு? சூடு ஏறி ஏறி அப்படி ஆயிடுமா? ஒரு மணி நேரத்துல அப்படி ஆகாதுங்கறீங்க. சரி, பொய் சொல்லி என்ன ஆகப் போகுது, மூணு மணி நேரம்னு வச்சுக்கங்க. லீவு நாள்ல இன்னும் கொஞ்சம் கூட. எல்லார் வீட்டுலயும் அப்படித்தான? உங்க வீட்டுல ரெண்டு பொண்ணுங்களா. அதுங்களும் இப்படித்தானா. அப்ப சரி.

ஒண்ணு சொல்லட்டுமாண்ணா. போன வாரம் பள்ளிக்கூடத்துல பெத்தவங்கள எல்லாம் கூப்பிட்டிருந்தாங்க. பெரிய ஹால், சின்னச் சின்ன நாற்காலி, அதுல நம்ம உக்காந்தா முட்டி வாய்க்கு வருது. இவ டீச்சர் எந்திரிச்சு, பிள்ளைங்க தெனமும் வீட்டுல எவ்வளவு நேரம் டிவி பாக்குறாங்கனு பிள்ளைங்ககிட்டயே விசாரிச்சோம், எல்லாம் நாலு மணி, அஞ்சு மணினு சொல்லுதுங்கனு வருத்தப்பட்டுப் பேசினாங்க. பேசிட்டே வந்தவங்க, ஒரே ஒரு கொழந்ததான் டிவியே பாக்க மாட்டேன்னு சொல்லிச்சுன்னாங்க. வீட்டுல என்ன பண்ணுவனு கேட்டா, அம்மாகூட இருப்பேன்னு சொல்லிச்சாம். பல்லு தேய்க்கும்போது அம்மா பாட்டு பாடும், சாப்பிடும்போது கத சொல்லும், கோவமே படாது, தூங்குற வரைக்கும் அம்மா பேசிட்டே இருக்கும்னு சொல்லிச்சாம். அப்படியே கண்ணு கலங்கிருச்சு அந்த டீச்சருக்கு. யாருப்பா அந்த அம்மா, எந்திரிங்கன்னாங்க.

எந்திரிச்சேன்ணா. என்ன பண்றது, இவ பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டாங்க. எல்லாரும் கை தட்டுறாங்க. ரெண்டு வார்த்த பேசுங்கன்னாங்க, மைக்க வேற கையில குடுத்துட்டாங்க. மைக்க பாத்துட்டா எனக்கு வாய் தானா வரும், அதுதான் என் பொழப்பே. பிள்ளைங்களுக்கு நம்ம நேரத்தக் குடுக்கணும், அத விடப் பெரிய சொத்து இல்லனு என்னமோ பேசினேன். மறுபடி கை தட்டினாங்க. பக்கத்துல இருந்த ஒரு பொண்ணு, அக்கா எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கனு என் கையப் பிடிச்சுக்கிட்டா. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் யாரோ பின்னாடியே வந்து பிடிச்சுக்குவாங்கங்கற மாதிரியே இருந்துச்சு.

பொய்யா? இல்லண்ணா, வாண்டு பொய் சொல்லல. அதுதான் விஷயமே. அவ ஒரு வார்த்தகூடப் பொய் சொல்லல.

அந்தப் பொழப்பா? டப்பிங் பேசுறேன். சினிமா இல்லண்ணா, பொம்மப் படத்துக்கு. கரடிக் குடும்பம்னு ஒண்ணு வருதுல்ல, நீலக் கவுன் போட்ட அம்மா கரடி. ஆமா, அதுதான். அதுக்கு நான்தான் பேசுறேன். பாத்தீங்களா, உள்ள வந்ததுமே எங்கயோ கேட்ட குரலா இருக்குனு நெனச்சிருப்பீங்க, கட்டினதால பிடிபடல. உங்க சின்னவளுக்கு உசுரா அந்தக் கரடினா? போன்ல ஒரு வார்த்த பேசணுமா? இன்னிக்கு வேணாம்ணா, இந்தத் தொண்டையோட கேட்டா பயந்துரும். சரியாகட்டும், கண்டிப்பாப் பேசுறேன். கேக்குறவங்களுக்கெல்லாம் பேசிக் காட்டியிருக்கேன். மளிகைக் கடைக்காரர் மகனுக்கு, மாடி வீட்டுப் பிள்ளைங்களுக்கு, ஆட்டோல போறப்ப ஆட்டோக்காரர் பொண்ணுக்குக்கூட. என் பொண்ணுக்கு மட்டும்தான் பேசிக் காட்டினதில்ல. அவ கேட்டதும் இல்ல.

அங்க எப்படி இருக்கும்னா, சின்ன ரூம். சுவரெல்லாம் துணி ஒட்டியிருப்பாங்க. ஒரு மைக்கு, காதுல ஹெட்போன், முன்னாடி ஒரு திரை. கரடி வாயத் தொறக்கும்போது நான் தொறக்கணும், மூடும்போது மூடணும். வளையல் போடக்கூடாது, சத்தம் கேக்கும். பசியோட போகக்கூடாது, வயிறு கத்தினா அதையும் மைக்கு பிடிச்சுரும். ஏசில வேற பல்லு கிட்டும். ஆனா சும்மா சொல்லக்கூடாது, நான் நல்லாப் பேசுவேன்ணா. குட்டிக் கரடிய அம்மா கரடி கட்டிப்பிடிக்கிற எடம் வரும்ல, அப்ப நான் என் ரெண்டு கையையும் எம்மேலயே கட்டிக்குவேன். அப்பதான் குரல் நெஞ்சுலேர்ந்து வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் கட்ட விரலத் தூக்கிக் காட்டுவாரு.

அதே நேரத்துக்கு இவ இங்க டிவில கன்னத்த வச்சுக்கிட்டு நிப்பாளாம். அவருதான் சொன்னாரு, தண்ணி குடிக்க எந்திரிச்சப்பப் பாத்தாராம். திரைல எண்ணெய்க் கறையா இருக்கேனு கேட்டீங்கல்ல, அது அவ கன்னம்தான். கீழ்ப்பக்கம் மட்டும் இருக்கும் பாருங்க, அவ உயரத்துக்கு.

மூணு மணி நேரம் இல்லண்ணா. அவ முழிச்சிருக்கிற நேரமெல்லாம் ஓடும். பள்ளிக்கூடம் மத்தியானம் விட்டுரும். சாவி எதுத்த வீட்டுல இருக்கும், அந்த அக்கா தொறந்து விட்டுட்டு, டிவியப் போட்டுட்டுப் போயிருவாங்க. அப்பா உள்ள தூங்குவாரு, இவ இங்க உக்காந்திருப்பா. காலைல எந்திரிச்சதும் போட்டுருவோம், பல்லு தேய்க்கணுமே. அம்மா கரடி சொன்னாத்தான் தேய்ப்பா. அந்தச் சேனல்ல அதையேதான் திருப்பித் திருப்பிப் போடுவாங்க, தெரியும்ல. ராத்திரி தூங்கினப்புறம் அணைப்பேன். அணைச்சா சில நாள் முழிச்சுருவா.

எப்படி ஆரம்பிச்சதுனா, அவளுக்கு மூணு வயசு இருக்கும். நான் வேலைக்குக் கெளம்பினாலே காலப் பிடிச்சுக்கிட்டு அழுவா. அழுகைனா உங்க வீட்டு அழுகை எங்க வீட்டு அழுகை இல்ல, தெருவே வந்து எட்டிப் பாக்கும். இவரால தூங்க முடியல, என்னால படி எறங்க முடியல. ஒரு நாள் டிவில என் குரல் வந்துச்சு. டக்குனு நின்னுட்டா. அப்பதான் எனக்கு அந்தப் புத்தி வந்துச்சு. பாத்தியா, அம்மா அங்கதான் இருக்கேன், அம்மா வேலைக்குப் போறதே அதுக்குள்ள போய் உங்கூடப் பேசத்தான், நீ அழாம டிவியப் போட்டுக்க, அம்மா வந்துருவேன்னு சொன்னேன். சொன்னதுதான் தாமதம், கைய விட்டுட்டா. அன்னிக்கு அப்படியே பூரிச்சுப் போயிட்டேன்ணா. எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன், எம்பொண்ண ஏமாத்தக் கத்துக்கிட்டேன்னு.

அத்தோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. இந்தத் தொண்ட இருக்கே. எங்க டைரக்டர் நல்ல மனுஷன்தான், ஆனா என்னப் பாக்கும்போதெல்லாம் ஒண்ணையே சொல்வாரு. உன் பொழப்பு தொண்டைல இருக்கும்மா, வீட்டுல போய் வீணாக்காதம்பாரு. வீட்டுல பேசுறது வீண்னு அவரு சொன்னாரு, நானும் தலையாட்டினேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரடிக்கும் பேசி, எப்பவாச்சும் ரெண்டு வாத்துக்கும் ஒரு தவளைக்கும் சேத்துப் பேசிட்டு வந்தா, வீட்டுக்குள்ள நொழையும்போது தொண்டைல உப்புத்தாள் தேச்ச மாதிரி இருக்கும். அதனால பேச மாட்டேன். கை தட்டினா குளிக்க வரணும். தட்டுல கரண்டியால தட்டினா சாப்பிட வரணும். கோழியக் கூப்பிடுற மாதிரிதான், வேற என்ன. விரல ஆட்டினா கோவம், தலையாட்டினா சரி. அவளும் பழகிட்டா. கொழந்தைங்க எல்லாத்துக்கும் பழகிருதுல்ல.

அதனால நான் வீட்டுக்கு வந்தாலும் டிவி ஓடிட்டேதான் இருக்கும். அணைச்சா வீடே ஊமையாயிடும்ணா. நான் இங்க கரண்டியால தட்டத் தட்டிட்டு இருப்பேன், நான் அங்க வாடா தங்கம், சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுனு கொஞ்சிட்டு இருப்பேன். அவ தட்ட எடுத்துட்டு அங்க போயிருவா. எனக்கும் கொஞ்சம் சௌகரியமாத்தான் இருந்துச்சு, இல்லைனு சொன்னா நாக்கு அழுகிரும். குளிப்பாட்டும்போது பாட வேணாம், கத சொல்ல வேணாம், ஏன் எதுக்குனு நூறு கேள்விக்குப் பதில் சொல்ல வேணாம். எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன்ல, அங்க உள்ள உக்காந்துக்கிட்டு.

ஒரு நாள் லீவுல தொண்ட கொஞ்சம் தேவலாம்னு இருந்துச்சு. ஆசையா இருந்துச்சு, இவகிட்டப் பேசலாம்னு பக்கத்துல போய் உக்காந்து, இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்னடா பண்ணினனு கேட்டேன். அவ டிவியவிட்டுக் கண்ண எடுக்கல. வாயில விரல வச்சு, நீ சும்மா இரு, அம்மா பேசுறாங்கன்னா.

சிரிக்கலாம்ணா, அடக்காதீங்க. நானும் அன்னிக்கு எங்க வீட்டுக்காரருகிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவரு சிரிக்கல.

என்ன, பிசுபிசுங்குதா? எறும்பா? எறும்பு எங்கதான் இல்ல. ஆமா, தண்ணியா இருந்தா ஒட்டாது. வரிசையா உள்ள போயிருக்கா. ம்ம்.

இருங்கண்ணா, கொஞ்சம் கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன். அவ கேட்டுட்டு இருப்பா.

தொண்ட கட்டின புதுசுல நான் லீவு கேட்டேன். சேனல்ல அவசரம், ஆள மாத்தினா பிள்ளைங்க கண்டுபிடிச்சுரும், நீ வந்து எப்படியாச்சும் பேசிக் குடுத்துருன்னாங்க. ஆள மாத்திருவாங்களோனு எனக்கும் பயம். ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீரு, அதுல தேனு, அத ஊத்தி ஊத்திக் குடிச்சுட்டுப் பேசினேன். நடு நடுவுல குரல் பிசிறும், உடையும். டைரக்டர், பரவால்லம்மா, கரடிக்குச் சளி பிடிச்சிருக்குனு வச்சுக்கலாம், யாருக்குத் தெரியப் போகுதுன்னாரு. அது நேத்துத்தான் டிவில வந்துச்சு.

யாருக்கும் தெரியல. எதுத்த வீட்டு அக்காவுக்குத் தெரியல, மாடி வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தெரியல, இவருக்கும் தெரியல. உங்க சின்னவ கண்டுபிடிச்சாளா? இல்லல்ல.

நேத்து எனக்கு வேலை இல்ல. வீட்டுலதான் இருந்தேன், சமையக்கட்டுல. பேசக்கூடாதுனுதான வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன், இருமல் மட்டும் வந்துட்டே இருந்துச்சு. வெந்நீர் வச்சு, தேன் கலந்து, என் டம்ளர்ல ஊத்தி ஆற வச்சிருந்தேன். மூடி போட்ட டம்ளர், எனக்குனு தனியா வச்சிருக்கறது. திரும்பிப் பாத்தா டம்ளரக் காணோம். இவதான் எடுத்துட்டுப் போயிட்டா, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, ஒரு சொட்டு சிந்தாம. நான் வந்து பாக்குறப்ப, இந்த மேஜை மேல ஏறி நிக்கிறா. டிவிக்குப் பின்னாடி இந்த ஓட்டையெல்லாம் இருக்குல்ல, சத்தம் வர்ற எடம். அதுதான் அம்மாவோட வாய்னு நெனச்சிருக்கா. கொஞ்சம் கொஞ்சமா ஊத்திட்டு, குடிம்மா, சூடில்லம்மா, நான் ஊதிட்டேன்மா, தொண்ட சரியாயிடும்மானு சொல்லிட்டே இருக்கா.

அவ்வளவுதான்ணா. அப்புறம்தான் அந்த டப்புனு சத்தம்.

அவ மேல ஒரு கீறல் இல்ல, நல்ல காலம். நான் ஓடிப் போய்த் தூக்கிட்டேன். தூக்கினா என் தோள் வழியா டிவியத்தான் எட்டிப் பாக்குறா. அழல. அம்மாவுக்கு என்ன ஆச்சு, நான் நெறைய ஊத்திட்டேனானு எங்கிட்டயே கேக்குறா. நான் அம்மாதான்டா, இதோ இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலனு சொல்றேன், குரல் வரல, காத்துதான் வருது. அவ என்ன நம்பல. நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. தான்தான் என்னமோ பண்ணிட்டோம்னு அந்தக் கதவுக்குப் பின்னாடி போய்ப் போய் நின்னுக்குறா. அதுக்குத்தான் உங்க பையப் பாத்துட்டு டாக்டரானு கேட்டா.

எனக்கு எங்க வலிக்குதுனா, அவ அத ஊத்தினதுல இல்லண்ணா. அதே தொண்டையோட நான் சமையக்கட்டுல நின்னு இருமிட்டு இருந்தேன். அவ என்னத் தாண்டித்தான் டம்ளர எடுத்துட்டுப் போனா. உனக்கு வேணுமானு என்ன ஒரு வார்த்த கேக்கத் தோணல அவளுக்கு. எப்படித் தோணும்? கை தட்டுற ஒரு பொம்பளைக்குத் தொண்ட எதுக்கு.

சரி பண்ணிடலாமா? பலகையத் துடைச்சுக் காய வச்சா ஓடும்ங்கறீங்க. பண்ணுங்க. பண்ண வேணாம்னு நேத்தெல்லாம் நெனச்சுட்டு இருந்தேன், நீங்க வந்தா, ஆகாதுனு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்கனு உங்ககிட்டக் கெஞ்சலாம்னுதான் இருந்தேன். அது ஓடலனா அவளப் பொறுத்தவரைக்கும் அம்மா போயிட்டா, அதுவும் அவ கையால. ஓடினா மறுபடி அவ அங்க போயிருவா. ரெண்டுல எது நல்லதுனு எனக்குத் தெரியல. நீங்களும் பொண்ணு பெத்தவரு, சொல்லுங்க.

ஆனா இப்பவே மூடியப் போடாதீங்க. அப்படியே தொறந்தே இருக்கட்டும், அவ ஒரு தடவ வந்து எட்டிப் பாக்கட்டும். பச்சைப் பலகை, ஒயரு, தூசி, நாலு எறும்பு, அவ்வளவுதான் இருக்கு, அவ பாக்கணும். உள்ள யாருமே இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகலனு நீங்க சொல்லுங்க. டாக்டராவே இருந்துட்டுப் போங்க, என்ன இப்போ, டாக்டர் சொன்னா நம்புவா. அப்புறம் நான் இந்தத் தொண்ட போனாலும் போகட்டும்னு அவகிட்டப் பேசிக்கிறேன். உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசலையா. இவ்வளவு நேரம் அவகிட்ட நான் ஒரே மூச்சுல பேசினதே இல்லண்ணா, இப்பத்தான் தோணுது.

கூப்பிடுங்க. இல்ல, நீங்களே கூப்பிடுங்க, வாண்டுனு கூப்பிட்டாலே ஓடி வருவா. நேத்துலேர்ந்து நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன்.

நான் கூப்பிட்டா அவ டிவியத்தான் திரும்பிப் பாக்குறா.